படத்தின் கீழே ஓவியர் பெயர் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் அதைச் சூறையாடிக் கொளுத்தியதைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. ஆனால், கூடவே வெளியிட்ட பழைய அச்சோவியத்தின் கீழே ‘ஐரோப்பியப் பாதிரியார்கள் வரைந்தது’ என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு.

சீனப் பேரரசர் சியென்லுங்குக்காக அங்கே ஐரோப்பிய பாணி மாளிகைகளைத் திட்டமிட்டவர் இத்தாலிய ஏசு சபைத் துறவி காஸ்டில்யோனே. நீரூற்றுகள் பிரெஞ்சுத் துறவி பெனுவாவின் கைவண்ணம். அதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் வெளியிட்ட படம் உட்பட, அந்த மாளிகைகளைக் காட்டும் 20 செப்புத்தகட்டு ஓவியங்கள் உருவானது 1783-க்கும் 1786-க்கும் இடையில். காஸ்டில்யோனே 1766-லேயே காலமாகிவிட்டார், பெனுவா 1774-இல். வரைந்தவர் இ லான்தாய் என்ற மஞ்சு இனத்து அரசவை ஓவியர். தகட்டில் செதுக்கியவர்கள் அரண்மனைப் பட்டறைக் கைவினைஞர்கள். இத்தனைக்கும், அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்புதான் தன் போர்க்காட்சிகளைச் செதுக்கித்தரச் சொல்லி இதே பேரரசர் பாரிசுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்த வித்தையைக் கைவசப்படுத்திச் சொந்த ஊரிலேயே செய்து காட்டியவர்களை நாம் விட்டுவிடலாமா?

அந்த மாளிகைகளில் ஒன்றான ஹையான்தாங்கின் முகப்பைக் காட்டும் படத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குளத்தின் இருபுறமும் பக்கத்துக்கு ஆறாக, அங்கி உடுத்த மனித உடலும் விலங்குத் தலையுமாகப் பன்னிரண்டு உருவங்கள் உட்கார்ந்திருக்கும். எலி, குதிரை, குரங்கு என்று சீன ராசி விலங்குகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக முறைவைத்து நீர் பீய்ச்சும். நடுப்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து பீய்ச்சும். ஐரோப்பியத் தோட்டத்தில் கிரேக்கச் சிலைகள் நிற்கும் இடத்தில் இவை வந்து உட்கார்ந்துவிட்டன! தூண்கள் ஐரோப்பா, கூரை ஓடுகள் சீனா. அத்தனை பெரிய தோட்டத்தைக் காட்டும் படத்தில் ஓர் ஆள்கூடக் கிடையாது.

பெனுவா போன பிறகு நீரேற்றும் இயந்திரத்தைப் பராமரிக்க ஆளில்லாமல், பேரரசர் வரும்போது மட்டும் ஆட்கள் தண்ணீர் சுமந்து தொட்டியை நிரப்பினார்களாம். படத்தில் மட்டும் நீர் வஞ்சனையில்லாமல் பாய்கிறது.

இன்று அங்கே போகிறவர்கள் காண்பது உடைந்த கல்தூண்களைத்தான். முழு உருவத்தை அறிய இந்த 20 படங்களைவிட நம்பகமான வழி இல்லை. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு, இ லான்தாய் பெயரைப் போடுங்கள். முடிந்தால் படத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். சிறிதாக அச்சிட்டதில் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கறுத்துவிட்டன.

அன்புடன்,
ஒரு வாசகர், கும்பகோணம்