கரைக்குக் கீழே குடியிருக்கும் உங்களுக்கு

நான்கு தெரு மக்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 3 இரவு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல் போய்விட்டது. மழைநீரைத் தேக்கும் எங்கள் மண் கரை நிற்கிறது. கை நடுக்கம் முழுதாக அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் தெரு அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. கரையடியில் ஊற்று கிளம்பியதும் நாங்கள் சாக்கைத் திணித்து அடைக்கப் பார்த்தோம். நீங்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு பித்தளைச் சொம்புடன் வந்தீர்கள். கசிவை அதில் பிடித்து, சற்று ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். அடியில் செம்மண் படிந்திருந்தது. "தண்ணீர் வரட்டும், மண்தான் வரக்கூடாது. அடைத்தால் வேறு பக்கம் பீறிடும்" என்றீர்கள். உங்கள் அப்பா ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்டுவிடும் நீர்க்கட்டியாக இருந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊற்றின் மேல் முதலில் மணல், அதன் மேல் ஜல்லி, சுற்றிலும் மணல் மூட்டை. மணிக்கொரு முறை சொம்பில் பிடித்துப் பார்த்தீர்கள். விடிகாலை நான்கு மணிக்குப் பிடித்த தண்ணீரில் சொம்பின் அடியில் இருந்த ஒடுக்கு தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

மூட்டை சுமந்த பிள்ளைகளுக்கும், மணலும் ஜல்லியும் கொடுத்து விலை பேச மறுத்தவருக்கும், குழந்தைகளையும் முதியவர்களையும் மேட்டுத் தெருவுக்குக் கூட்டிப் போனவர்களுக்கும், இரவெல்லாம் டீ போட்டுக் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மண் கரை என் தாத்தா சொந்த நிலத்தில் எழுப்பியது. 2019 வறட்சியில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் உங்கள் கிணறுகள் வற்றவில்லை. கரை தேக்கிய மழைநீர்தான் காரணம் என்று பெருமைப்பட்டேன். இன்னும் கொஞ்சம் தேங்கட்டும் என்று கலங்கல் மேல் இரண்டு வரிசை செங்கல்லும் கட்டினேன். உபரி நீர் வெளியேற வேண்டிய வழியை உயர்த்தியது நான்தான். பட்டா என் பெயரில் இருக்கிறது. உடைந்திருந்தால் தண்ணீர் வந்திருப்பது உங்கள் வீட்டுக்குள். மன்னியுங்கள்.

அந்தச் செங்கல்லை நேற்றே இடித்துவிட்டேன். நீர் வடிந்ததும் எலி வளைகளை வெட்டிப் பார்த்து, புது மண் போட்டுக் கெட்டிக்கப் போகிறேன். இனி ஒவ்வொரு புரட்டாசியிலும், ஐப்பசி மழைக்கு முன்பே, உங்களில் இருவரை அழைத்துக்கொண்டு மதகையும் கலங்கலையும் பார்ப்பேன்.

அம்மா, உங்கள் சொம்பு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன்.