புதிய காவலர்களுக்கு வழிகாட்டவும் அவர்களை மதிப்பிடவும் பயிற்சி பெற்ற காவலர்களை நிலையந்தோறும் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், சென்னை – 600 004.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, சட்டம் ஒழுங்கு நிலையங்களில் பணியாற்றி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு விஷயத்துக்காக இந்த மனுவை எழுதுகிறேன். காவல் நிலையத்துக்குப் புதிதாக வரும் காவலருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பது யார் என்று நான் பார்த்த நிலையங்களில் யாரும் முடிவு செய்ததில்லை. அன்றைக்கு யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் சொல்லிக்கொடுப்பார். அவர் நல்லவராக அமைந்தால் அந்தக் காவலரின் அதிர்ஷ்டம், மனு கொடுக்க வரும் மக்களின் அதிர்ஷ்டம். இதை அதிர்ஷ்டத்தின் கையில் விடக்கூடாது என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகும் இளைஞர்கள் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் கவாத்து, துப்பாக்கி, சட்டம் எல்லாம் படிக்கிறார்கள். அதையொட்டிக் கொஞ்ச காலம் நிலையத்தில் செய்முறைப் பயிற்சியும் உண்டு. ஆனால் பயிற்சி முடிந்ததும் அவர்கள் போவது ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல்படைக்கோ தான். அங்கே பந்தோபஸ்து, பாரா (காவல் நிற்பது), கைதி வழிக்காவல் என்று ஆண்டுகள் ஓடுகின்றன. அப்புறம்தான் தாலுகா நிலையத்துக்கு மாறுதல் கிடைக்கிறது. அதற்குள் படித்த சட்டம் பாதி மறந்திருக்கும். சட்டமே மாறியும் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது, பழையதைப் படித்துவிட்டு ஆயுதப்படையில் இருந்தவர்களின் நிலை இதுதான்.

அப்படி வருகிறவர் முதல் நாளே பொதுமக்களைச் சந்திக்கிறார். குற்றம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அந்தப் புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவு. சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்யச் சொல்கிறது 105ஆம் பிரிவு. பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் சாட்சி விசாரணைக்கென நிலையத்துக்கு வரச்சொல்லக்கூடாது, அவர்கள் இருப்பிடத்துக்கே போக வேண்டும் என்கிறது 179ஆம் பிரிவு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அலுவலர் சீருடையில் இருக்கக்கூடாது. கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்வது, சாட்சி கையெழுத்துடன் கைதுக் குறிப்பு எழுதுவது ஆகியவற்றைக் காவலில் நடக்கும் கொடுமைகள் பற்றிய டி.கே. பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் அழுதுகொண்டே வந்து நிற்கும்போது எப்படி உட்காரவைத்து எப்படிக் கேட்பது, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்காமல் நாளைக்கு வரச்சொல்லும் பழக்கத்தை எப்படி விடுவது என்பதைப் பக்கத்தில் இருக்கும் சீனியரைப் பார்த்துத்தான் ஒருவர் கற்றுக்கொள்கிறார். சீனியர் "அதெல்லாம் எழுதாதே, சமாதானம் பேசி அனுப்பு" என்றால் அதுவும் ஒரு பாடமாகிவிடுகிறது.

இந்தச் சிக்கலை முதலில் முறையாகக் கையாண்ட ஊர் அமெரிக்காவின் சான் ஹோசே. 1970இல் அங்கே ஒரு புதிய காவலர் கவனக்குறைவாக ஓட்டிய வாகனம் விபத்துக்குள்ளாகி உயிர்ப்பலி ஏற்பட்டது. அவருடைய பணிக்கோப்பைப் புரட்டியபோது, அவர் இந்த வேலைக்குச் சரிப்படமாட்டார் என்பதற்கான அறிகுறிகள் முன்பே இருந்தது தெரிந்தது. அவற்றை முறையாக மதிப்பிட்டுச் சொல்ல வழி இல்லாமல் போயிருந்தது. அதன் பிறகு 1970களின் தொடக்கத்தில் களப்பயிற்சி அலுவலர் என்ற ஏற்பாட்டை அவர்கள் உருவாக்கினார்கள். தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட காவலர் புதியவருடன் வாரக்கணக்கில் ஒரே வண்டியில் போகிறார். ஒவ்வொரு நாளும் எழுத்தில் மதிப்பிடுகிறார். ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். எந்த நடத்தைக்கு எந்த எண் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். புதியவர் ஒரே ஆளிடம் சிக்கிக்கொள்ளாதபடி பயிற்றுநரையும் இடையில் மாற்றுகிறார்கள்.

ஆனால் ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்தி அவரைக் கொன்ற காவலர் டெரக் சாவின், அந்தத் துறையின் களப்பயிற்சி அலுவலர்களில் ஒருவர். அப்போது உடன் இருந்த இரண்டு காவலர்கள் பயிற்சி முடித்துச் சில நாட்களே ஆனவர்கள். ஒருவருக்குச் சாவினே பயிற்றுநராக இருந்தவர். மற்றொருவர், ஃபிளாய்டைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாமா என்று ஒருமுறைக்கு மேல் கேட்டார். சாவின் ஏற்கவில்லை. புதியவர்கள் அதற்கு மேல் தடுக்கவில்லை. பின்னர் அவர்களும் தண்டனை பெற்றார்கள். சரியான கேள்வி அந்தப் புதிய காவலரின் மனத்தில் தோன்றியது, வாயிலும் வந்தது. சீனியரை மீறும் துணிச்சலைத்தான் யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை.

நம் ஊரிலும் காவலர்கள் அடித்ததில் உயிர்கள் போன சாத்தான்குளம் 2020இலும் திருப்புவனம் 2025இலும் நடந்துவிட்டன. காவல்துறையில் வாழ்ந்தவன் என்ற முறையில் அந்தச் செய்திகள் என்னைத் தூங்கவிடவில்லை. சாத்தான்குளத்தில் தான் பார்த்ததை நடுவர் முன் சொன்ன பெண் தலைமைக் காவலரை நாடே அறியும். புதிதாக வரும் ஒரு பெண் காவலரை அவரைப் போன்ற ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும், அடித்தவர்களிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆகவே நான் கேட்பது இது. ஒவ்வொரு நிலையத்திலும் முதல்நிலைக் காவலர், தலைமைக் காவலர் நிலையில், விருப்பம் தெரிவிப்பவர்களில் இருந்து வழிகாட்டிக் காவலர்களைத் தேர்வு செய்யுங்கள். பணிமூப்பு மட்டும் அளவுகோலாக வேண்டாம். மக்களைத் தாக்கியதாகவோ லஞ்சம் வாங்கியதாகவோ விசாரணையில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்தப் பொறுப்புக்கு வரக்கூடாது. நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் ரைட்டருக்கு எல்லாம் தெரியும் என்று அவர் தலையில் இதையும் கட்டிவிடாதீர்கள். வழக்குக் கட்டுகளிலிருந்து நிமிர அவருக்கு நேரம் இருக்காது.

தேர்வானவர்களுக்கு வண்டலூர் காவல் உயர் பயிற்சியகத்தில் குறைந்தது இரண்டு வாரம் தனிப்பயிற்சி வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவர் எல்லாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க வந்துவிடாது. தவறை எல்லார் முன்னாலும் கத்தாமல் தனியாக எடுத்துச் சொல்வது, செய்து காட்டிவிட்டுச் செய்யவிட்டுப் பார்ப்பது, பார்த்ததை மட்டும் எழுதுவது ஆகியவை பழகித்தான் வரும். ஒரே காணொளியைப் பார்த்து இருபது பேர் மதிப்பெண் போட வேண்டும். எண்கள் ஏன் வேறுபட்டன என்று விவாதிக்க வேண்டும். அப்போதுதான் திருச்சியில் போடும் நான்கும் தூத்துக்குடியில் போடும் நான்கும் ஒன்றாக இருக்கும்.

ஆயுதப்படையிலிருந்து நிலையத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் மூன்று மாதம் இந்த வழிகாட்டல் கிடைக்க வேண்டும். பாதியில் ஒரு வழிகாட்டியிடமிருந்து வேறொருவருக்கு மாற்ற வேண்டும். அந்த மூன்று மாதத்தில் திருவிழா, தலைவர்கள் வருகை என்று பந்தோபஸ்துக்கு இழுக்கக்கூடாது. ஆள் பற்றாக்குறை எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்த ஒரு விதியைத் தளர்த்தினால் திட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

மதிப்பீடு தமிழில், அன்றன்றைக்கு எழுதப்பட வேண்டும். "நல்ல பையன்", "சொன்னதைக் கேட்பார்" போன்றவை மதிப்பீடு ஆகாது. "மனுதாரரை நிற்கவைத்தே பேசினார்; சுட்டிக்காட்டியதும் நாற்காலி கொடுத்தார்" என்று நடந்ததை எழுத வேண்டும். புதியவர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். உடன்பாடு இல்லையென்றால் தன் பதிலையும் எழுத இடம் வேண்டும். குறை தெரிந்தால் முதலில் கூடுதல் பயிற்சி. அதற்குப் பிறகும் தேறாவிட்டால்தான் மேல் நடவடிக்கை.

மதிப்பெண் போடும் கையில் அதிகாரமும் சேர்ந்துவிடுகிறது என்பதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாதி பார்த்து எண் போடுகிறவர், சொந்த வேலைக்கு ஏவுகிறவர், பெண் காவலரிடம் வரம்பு மீறுகிறவர் இதற்குள் நுழைந்துவிட்டால் இருக்கிற நிலைமையைவிட மோசமாகிவிடும். எனவே புதியவரும் தன் வழிகாட்டியை மதிப்பிட்டு எழுத வேண்டும். அந்த உறை நிலையத்துக்குப் போகாமல் நேராக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

வழிகாட்டிக் காவலருக்கு மாதப்படி ஒன்றும், முதலமைச்சரின் காவல் பதக்கத்துக்கான பரிசீலனையில் இந்தப் பணிக்கு இடமும் கொடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. துறை இதை வேலையாக மதிக்கிறது என்பது தெரிய வேண்டும்.

மாநிலம் முழுவதும் உடனே இயலாது என்றால் ஒரு மாநகரக் காவலிலும் ஒரு கிராமப்புற மாவட்டத்திலும் ஓராண்டு நடத்திப் பார்க்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பெடுக்க ஆள் தேவைப்பட்டால் ஊதியம் எதிர்பார்க்காமல் வர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்