சம்பளம் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் நடுத்தரக் குடும்பங்கள் குறைவதற்கு மென்பொருள் நிறுவனங்களின் சம்பளத்தையே எல்லாரும் கைகாட்டுகிறார்கள். அது பாதிக் கதைதான். 2018-இல் அங்கே நான்கு பேர் குடும்பம் ஆண்டுக்கு 1,17,400 டாலர் ஈட்டினாலும் ‘குறைந்த வருமானம்’ என்றே அமெரிக்க வீட்டுவசதித் துறை வகைப்படுத்தியது.

மீதிக் கதை, கலிபோர்னிய வாக்காளர்கள் 1978-இல் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற சொத்து வரிச் சட்டம். அதன்படி சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதம். அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. பொதுவாக வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டில் 1 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் வரிமதிப்பு 2023-இல் அதிகம் போனால் 2.44 லட்சம், வரி ஏறக்குறைய 2,440 டாலர். அதே தெருவில் இன்று 15 லட்சத்துக்கு வாங்கும் ஆசிரியத் தம்பதிக்கு (வாங்க முடிந்தால்!) 15,000 டாலர். உள்ளூர்க் கூடுதல் வரிகள் தனி.

எனவே பழைய உரிமையாளர் விற்கத் தயங்குகிறார். நகராட்சிகளும் குடியிருப்பைவிட விற்பனை வரி தரும் கடைவளாகத்தையே விரும்புகின்றன. செவிலியரும் தீயணைப்பு வீரரும் டிரேசி, ஸ்டாக்டன் என்று மலைக்கு அப்பால் குடிபோகிறார்கள்.

முதியவர் வீட்டுக்குப் பாதுகாப்பு தேவை, சரி. பெரிய வணிகச் சொத்துக்கும் அதே சலுகை எதற்கு? அதை நீக்கவந்த 15ஆம் முன்மொழிவு 2020-இல் சிறு வித்தியாசத்தில் தோற்றது. அதை மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.