வட்சனுக்கு மட்டும் சொல்லவில்லை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். மாமி எழும்பி நடக்கிறா. சீனி வருத்தத்தை ஞாபகப்படுத்தாவிட்டால் மாம்பழமும் சாப்பிடுவா. கந்தர்மடத்து வீட்டு மதில் இந்த மழைக்கு விழுந்துவிட்டது. விபரம் பிறகு.

போனில் நீ கத்தியதில் எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. "ஷெர்லொக் ஹோம்ஸ் சுத்த சுயநலக்காரன், வட்சன் ஒரு மடையன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் பொது நூலகத்துக்குப் போய்த் அந்தத் துப்பறியும் கதைகளின் தடித்த தொகுப்பை எடுத்துவந்து திரும்பவும் படித்தேன். இவள் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும்தானே.

ஹோம்ஸ் வாய் கெட்டவன், அதில் சண்டையில்லை. அவன் வழக்குகளைக் கதையாக எழுதும் கூட்டாளி வட்சன் ஆசையாக எழுதிய முதல் வழக்கையே, யூக்ளிட்டின் தேற்றத்துக்குள் காதல் கதையை நுழைத்த மாதிரி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னவன். எங்கள் கொம்பாஸ் வாத்தியாரின் குரல் கேட்கவில்லையா உனக்கு?

ஆனால் சுயநலக்காரன் என்றால் அவனுக்கு ஏதாவது வந்து சேரவேண்டாமா? புகழா? கடற்படை ஒப்பந்தம் தொலைந்த வழக்கில் தானே கணக்குச் சொல்கிறான்: கடைசி 53 வழக்குகளில் அவன் பெயர் வெளியே வந்தது 4 இல் மட்டும். மிச்சம் 49 இலும் பேர் வாங்கியது பொலிசார். காசா? வட்சன் தன் டிஸ்பென்சரியை விற்கப் போனபோது, சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தான் வேர்னர் என்ற இளம் டொக்டர். அவன் ஹோம்ஸின் தூரத்துச் சொந்தம், காசு ஹோம்ஸின் காசு என்று வட்சனுக்குத் தெரியவர வருஷக்கணக்காயிற்று. வட்சன் பேக்கர் வீதியில் ஹோம்ஸின் வீட்டுக்கே திரும்பி வந்ததில் லாபம் ஹோம்ஸுக்குத்தானே என்பாய். சரி, பாதி மார்க் எடுத்துக்கொள்.

மிரட்டிக் காசு பறிக்கும் மில்வெர்டனின் விஷயத்தில் முழு மார்க்கும் உனக்கே. குழாய் திருத்துபவன் வேஷம் போட்டு, தகவல் பிடுங்குவதற்காக வேலைக்காரப் பெட்டைக்குக் கலியாணம் பேசினான் பாவி. வட்சன் அதிர்ந்துபோனதற்கு, அவளைக் கட்ட இன்னொருவன் காத்திருக்கிறான் என்று தோளைக் குலுக்கினான். நான் மன்னிக்கவில்லை.

அதே ஆள்தான், வட்சனின் தொடையில் குண்டு பட்டபோது, சுட்டவனின் மண்டையில் துப்பாக்கியால் ஒன்று போட்டுவிட்டு ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறான். பேனாக்கத்தியால் காற்சட்டையைக் கிழித்துப் பார்க்கிறான், மேல்காயம்தான். அப்போது அவன் உதடு நடுங்கியதாம். அதைக் காண வட்சன் எத்தனை வருஷம் பின்னால் திரிந்தார்!

என் வழக்கு வேறு. 1891 இல் அருவியில் விழுந்து செத்தவன் 1894 இல் உயிரோடு வந்து நிற்கிறான், வட்சன் மயங்கி விழுகிறார். இடையில் அண்ணன் மைக்ரொஃப்டுக்கு மட்டும் எல்லாம் தெரியும், காசு அனுப்ப ஆள் வேண்டுமே. வட்சன் பாசத்தில் உளறிவிடுவார் என்று ஒரு நியாயம். செத்துவிட்டான் என்று மெய்யாகவே நம்பியதால்தான் அந்தச் சாவை அவ்வளவு நன்றாக எழுதினாராம், அது இன்னொரு நியாயம். இன்னொருவன் எவ்வளவு அழலாம், எப்போது நிறுத்தலாம் என்று தானே முடிவெடுப்பதைத்தான் மச்சான் நான் சுயநலம் என்பேன்.

எழுத எழுத உன்மேல்தான் கோபம் வருகிறது. ஒரு செத்தவீட்டில் உன் அண்ணர் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் நெஞ்சைத் திறந்து ஒப்பறேஷன் செய்திருக்கிறார்கள், நீ போனில் என்னோடு ஹோம்ஸைப் பற்றிக் கத்திக்கொண்டு இருக்கிறாய்! நான் கவலைப்படுவேன் என்றா சொல்லவில்லை? படுவேன்தான். அதற்குத்தானே இருக்கிறேன்? குண்டனுக்கு இன்னும் சொல்லவில்லை. கேட்டானென்றால் அடுத்த பிளேனில் வந்து உன் வீட்டு வாசலில் நிற்பான், சமைத்துப் போட உன்னால் ஏலாது.

என்னென்ன குளிசை, அடுத்த கிளினிக் எப்போது, படி ஏறலாமா, எல்லாவற்றையும் எழுது. அண்ணர் மூலம் சொல்லியனுப்ப வேண்டாம், உன் கையால் எழுது.

அன்புடன்,
சோடா