ஹேங் ஆகும் சர்வருக்கு ‘ஃபார்மேட்’ தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிட்டர் அலுவலகம், நூல் கடை, மண்டி என ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் இடங்களில் ஒரு கம்ப்யூட்டரையே சர்வராக வைத்து, கணக்கு, பில்லிங் எல்லாவற்றையும் அதில்தான் ஓட்டுகிறார்கள். அது அவ்வப்போது ஹேங் ஆனால், பார்க்க வருபவர் முதலில் சொல்வது ‘ஃபார்மேட் போட்டுவிடலாம்’ என்பதே. இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். கோளாறு ஹார்டுவேரில் இருந்தால் ஃபார்மேட்டால் அது போகாது. அதைக் கண்டுபிடிக்க உதவும் பதிவுகள்தான் அழிந்துபோகும்.

ஹேங் ஆனதும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனைத் தட்டி, அதன் விளக்கு மாறுகிறதா பாருங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரின் ஐபி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்து, ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஹார்ட்டிஸ்க்தான் இழுக்கிறது. இரண்டுமே அசையவில்லை என்றால் ராம், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), சூடு என்று தேட வேண்டும். ‘நம் லாக்’ விளக்கு மாறுகிறது, பிங்குக்கு மட்டும் பதில் இல்லை என்றால் நெட்வொர்க் கார்டு, கேபிள், சுவிட்ச். ஹேங் ஆன நேரத்தையும் குறித்து வையுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால், ஆன்டிவைரஸ் ஸ்கேனோ பேக்கப்போ அந்த நேரத்துக்குப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைப் பாருங்கள். கெர்னல் பவர் 41 என்ற வரியைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுகிறவர்கள் அதிகம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து நாமே அணைத்தாலும் அதே 41 விழும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே நிகழ்வு எண் 7 என்றால் டிஸ்கில் கெட்ட பகுதி. 129 என்றால் டிஸ்க் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது. 153 என்றால் படிப்பதையோ எழுதுவதையோ மறுபடி முயன்றிருக்கிறது.

இவை தென்பட்டால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஸ்மார்ட் மதிப்புகளை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் எண்கள்) பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது 5 (மாற்றிவைக்கப்பட்ட கெட்ட பகுதிகள்), 197 (சந்தேகத்தில் இருப்பவை), 198 (படிக்கவே முடியாதவை). அந்த மென்பொருள் இந்த எண்களை ஹெக்ஸ் முறையிலும் காட்டும். அப்போது 5, 197, 198 என்பவை 05, சி5, சி6 என்று இருக்கும், மதிப்பில் 10 என்று இருந்தால் அது 16. 197 ஏறிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றியே ஆக வேண்டும். 199 (தகவல் வரும் வழியில் ஏற்படும் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பழைய எண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் சரி.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், ஒரு கெட்ட செக்டரை (டிஸ்கில் தகவல் இருக்கும் சிறு பகுதி) படிக்கப் பல விநாடிகள் மல்லுக்கட்டும். அத்தனை நேரமும் அலுவலகம் முழுக்கத் திரை உறைந்து நிற்கும். நாஸ் (நெட்வொர்க்கில் பகிரும் சேமிப்புப் பெட்டி), சர்வர் வகை டிஸ்குகள் சுமார் 7 விநாடிகளில் கைவிட்டுவிடும். ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதும் மிரர் ரெய்டு இருந்தால் அடுத்த டிஸ்கிலிருந்து தகவல் வந்துவிடும். விலை வித்தியாசத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சந்தேகத்துக்குரிய டிஸ்கில் முதல் வேலையாகச் செக் டிஸ்க் ஓட்டுவது ஆபத்து. /r போட்டு ஓட்டினால், மூச்சு வாங்கும் டிஸ்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கச் சொல்லி அதை அப்போதே முடித்துவிடலாம். முதலில் டேட்டாவை வேறு டிஸ்குக்கு எடுங்கள், எடுத்ததைத் திறந்து பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ராமுக்கு மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேறவில்லை; ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டு எது என்று பிரியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் லைன், லோடு இருக்கும்போது 11.4க்குக் கீழோ 12.6க்கு மேலோ போகக் கூடாது. மல்டிமீட்டர் நொடிப்பொழுது சரிவைக் காட்டாது என்பதால், மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா என்று கண்ணாலும் பாருங்கள். யூபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். சர்வரை வைத்துச் சோதிக்காமல், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மாட்டி மெயினை அணைத்துப் பாருங்கள்.

யாரும் தொடாத இரவில் மட்டும் ஹேங் ஆனால் ஸ்லீப் அமைப்பை நிறுத்துங்கள். முதல் தலைமுறை ரைசன் பிராசஸர் என்றால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று வையுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சர்வீஸ் செய்பவர்கள், எந்தப் பதிவைப் பார்த்து எந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். உரிமையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
ஈரோடு.