எச்.ஐ.வி. ஆன்டிபாடி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோய் எதிர்ப்பு ஆற்றல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம், இருந்தால் அந்த நோயிலிருந்து பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று ஒரு வரி வருகிறது. தட்டம்மைக்கு அது சரி. கோவிட் காலத்தில் ஊரெல்லாம் பேசியதும் இதைத்தான். ஆனால் அதே வரியை எச்.ஐ.வி. ரிப்போர்ட்டோடு பொருத்திப் பார்ப்பவர் பெரிய தவறு செய்துவிடுவார். பெரியவர் ஒருவருக்கு எச்.ஐ.வி. ஆன்டிபாடி உறுதியானால், வைரஸ் உள்ளே குடியேறிவிட்டது என்றே பொருள்.

ஆன்டிபாடி இருந்தும் ஏன் பயனில்லை? உடல் முதன்முதலில் தயாரிப்பது பெரும்பாலும் வைரஸின் ஜிபி41 புரதத்துக்கு எதிரானவை. அவை போய் ஒட்டிக்கொள்ளும், வைரஸை முடக்காது. முடக்கும் திறனுள்ளவை வர இன்னும் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டிருக்கும். போதாததற்கு அந்த உறைமீது சர்க்கரை மூலக்கூறுகள் அடர்த்தியாகப் போர்த்தியிருப்பதால், ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடமே மறைந்துவிடுகிறது. பல வகை எச்.ஐ.வி.யையும் முடக்கவல்ல ஆன்டிபாடி சிலருக்கு உருவாவது உண்மை. அதுவும் தொற்றி இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த சிடி4 என்ற வெள்ளை அணுக்களின் மரபணுவுக்குள் வைரஸ் தன்னை எழுதிவைத்த பிறகு அது வந்தும் நோய் தீர்வதில்லை. தாய்லாந்தில் சுமார் 16,000 பேரிடம் நடத்தி 2009-ல் முடிவு வெளியான ஆர்வி144 என்ற எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகூட 31 சதவீதப் பாதுகாப்பையே காட்டியது.

ஆனால் பாதுகாக்காத இதே ஆன்டிபாடி நல்ல தடயம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தது, வேலூர் சி.எம்.சி.யில் செய்த எலைசா ஆன்டிபாடி சோதனையால்தான்.

தடயம் பதியக் காலம் பிடிக்கும் என்பதுதான் கட்டுரையில் விடுபட்ட பெரிய விஷயம். தொற்றிய முதல் பத்து நாள் அளவுக்கு ரத்தத்தில் எதுவும் தென்படாது. அதன்பின் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை நாட் (NAT) என்ற சோதனை பிடிக்கும். இரண்டு வாரத்தை ஒட்டி பி24 என்ற வைரஸ் புரதம் தெரியும். மூன்று வாரம் ஆனபின்தான் பலருக்கு ஆன்டிபாடி வரும். விரல் நுனி ரத்தத்தில் செய்யும் ரேப்பிட் கிட் அதைப் பிடிக்கச் சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். தொற்று இருந்தும் சோதனையில் சிக்காத இந்த இடைவெளியில், அதாவது விண்டோ பீரியடில், ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் மிக அதிகம், ரிப்போர்ட்டோ நெகட்டிவ் என்று வரும். அதனால் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை இரண்டு. எந்த வகைச் சோதனை, அதாவது ஆன்டிபாடி மட்டுமா, பி24-ஐயும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறையா? ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து எத்தனையாவது நாள்?

கிட்டைப் படிப்பதிலும் பிழை நேரும். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ என்ற இடத்தில் கோடு வரவில்லை என்றால், சோதனை முடிவைக் காட்டும் ‘டி’யில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சோதனை செல்லாது, புதுக் கிட் எடுக்க வேண்டும். ‘டி’யில் மங்கலான கோடு வந்தாலும் ரியாக்டிவ்தான், அதாவது ஆன்டிபாடி இருக்கலாம் என்ற அறிகுறிதான். குறித்த நேரம் தாண்டி, காய்ந்த பிறகு பார்த்தால் இல்லாத கோடு தெரியும். வேறு காரணத்தால் உண்டான ஆன்டிபாடியும் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் முதல் கிட் ரியாக்டிவ் ஆனால், வெவ்வேறு தயாரிப்பான இன்னும் இரண்டு கிட்களில் பார்த்த பிறகே பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். ஒரே கிட்டை வைத்து ஒருவரிடம் ‘உங்களுக்கு எச்.ஐ.வி.’ என்று சொல்வது கொடுமை.

ஊசி குத்தியோ பாதுகாப்பற்ற உறவாலோ வைரஸ் படக்கூடிய நிலை ஏற்பட்டால், அன்றைய சோதனை அதற்கு முன்பே தொற்று இருந்ததா என்பதை மட்டுமே சொல்லும். அந்த நெகட்டிவை நம்பி வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தடுப்பு மருந்தை முடிந்தால் சில மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இந்த மருந்து ஆன்டிபாடி உருவாவதையும் தள்ளிப்போடக்கூடும் என்பதால் மருத்துவர் சொல்லும் மறுசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

அதிகம் கண்ணீர் சிந்துவது குழந்தைகள் விஷயத்தில். எச்.ஐ.வி. உள்ள தாயின் ஐ.ஜி.ஜி. என்ற வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடும். ஆகவே பிறந்த குழந்தைக்கு ஆன்டிபாடி சோதனை செய்தால் அநேகமாக எப்போதும் பாசிட்டிவ் என்றே வரும். எந்தச் சிகிச்சையும் தராவிட்டால்கூடப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்றுவதில்லை. எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தைத் தாய் ஒழுங்காகச் சாப்பிட்டால் வாய்ப்பு மிகமிகக் குறைவு. தாய் தந்த ஆன்டிபாடி முழுதாகக் கரைய 18 மாதம் வரை ஆகலாம். அதற்குள் உண்மை தெரிய வேண்டுமென்றால் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர்.தான் வழி. ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையின் ஒவ்வொரு வட்டமும் நிறையும்படி ரத்தத்தை விட்டு, வட்டத்தில் கை படாமல், வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி அனுப்புவார்கள். ஈரம் காயாமல் உறையிலிட்டால் மாதிரி கெட்டு, பச்சைக் குழந்தைக்கு மறுபடி குத்த நேரும்.

இன்னொரு குழப்பம், கூட்டு மருந்தால் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, அளக்க முடியாத அளவுக்கு இறங்கியவர்கள் மறுபடி ஆன்டிபாடி சோதனை செய்து, இன்னும் பாசிட்டிவ்தானே என்று மனம் உடைவது. அது மாறாது, மருந்து வேலை செய்கிறதா என்பதை வைரல் லோட்தான் சொல்லும். லோட் அந்த அளவில் நீடிக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. நேர்மாறாக, பிறந்ததுமே மருந்து தொடங்கிய சில குழந்தைகளுக்கு ஆன்டிபாடி இல்லாமலே போகலாம். அதைக் குணம் என்று எண்ணி மருந்தை நிறுத்தக் கூடாது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் அப்படி ஒரு குழந்தைக்கு மருந்து நின்ற பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் வைரஸ் தென்படவில்லை. 2014-ல் திரும்பி வந்தது.

அடுத்த இதழில், ஆன்டிபாடி இருந்தால் பாதுகாப்பு என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். கூடவே 1097 என்ற கட்டணமில்லாத உதவி எண்ணையும் சேர்த்து அச்சிட்டால், நள்ளிரவில் ரிப்போர்ட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை