கிளச்சுக்குள் இல்லாத கிளச் கோளாறு

அன்புள்ள மச்சான்,

உன் அப்பாவின் மொறிஸ் மைனர் கார் எப்போது றோட்டுக்கு வரும் என்று கேட்டிருந்தாய். வந்துவிட்டது. நேற்றுப் பின்னேரம் பொன்னாலைப் பாலம் வரை ஓட்டிப்போய் வந்தேன், எஞ்சின் நல்ல சத்தம், கியரும் சுத்தமாக விழுகிறது. ஆனால் இடையில் கிளச், அதுதான் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பிரித்துச் சேர்க்கிற பாகம், எங்களை நல்லாய் அலைக்கழித்தது. இனிக் காரை வைத்திருக்கப் போகிறவன் நீ என்பதால் அதை வடிவாகச் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினைக் கழற்றியபோது கிராங்க், அதாவது பிஸ்ரன்கள் சுழற்றுகிற பெரிய தண்டு, மோசமாகத் தேய்ந்திருந்தது. எனக்கு அது அதிசயமாக இல்லை. தொண்ணூறுகளில் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்தபோது அப்பா அதை மண்ணெண்ணெயில்தானே ஓட்டினார், ஸ்ரார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல், சூடேறினதும் மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், பிறகு பெயரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் என்ன பாதுகாப்பு இருக்கும்? அப்படியும் அந்தக் கார் எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று உனக்கே தெரியும். கிராங்கைக் கிரைண்ட் பண்ணி, புது பெயரிங், புது றிங், புதுக் கிளச் பிளேட் எல்லாம் போட்டுப் பூட்டினார்கள்.

எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது எல்லாக் கியரும் விழுந்தது. ஸ்ரார்ட் பண்ணினால் முதல் கியரும் றிவேர்ஸும் கரகரவென்று கத்தின. மைனரில் முதல் கியருக்கு சிங்க்றோமெஷ் (கியர்ச் சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற அமைப்பு) கிடையாது, அவசரப்பட்டுப் போட்டால் நல்ல காரிலும் கொஞ்சம் கத்தும். அதனால் பெடலை முழுதாக அமத்தி, சில விநாடி பொறுத்து, பிறகு றிவேர்ஸ் போட்டுப் பார்க்கவேண்டும். பொறுத்த பிறகும் கத்தினால் கிளச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். எங்களுக்குப் பொறுத்தும் கத்தியது.

பூட்டின கராச்சில் பெடலையும் கிளச்சையும் இணைக்கிற லிங்க் றொட்டை இறுக்கிக்கொண்டே போனார்கள். பெடலில் ஒன்றரை அங்குலம் சும்மா ஆடவேண்டும், அதுதான் கணக்கு. அந்த ஆட்டத்தையே இல்லாமலாக்கிவிட்டால் கிளச்சைத் தள்ளுகிற கார்பன் பெயரிங் எந்நேரமும் உரசித் தேய்ந்துபோகும், கோளாறும் தீராது. பிறகு பிளேட் திருப்பிப் போட்டிருக்கும், கியர் பொக்ஸை இறக்குவோம் என்றார்கள். பிளேட் திரும்பியிருந்தாலும் இப்படி வரும்தான். கிராங்கின் பின்முனையில் கியர் பொக்ஸ் தண்டு வந்து இருக்கிற சின்ன புஷ் இறுகினாலும் வரும். ஆனால் அதையெல்லாம் பார்க்க முழுக்கக் கழற்றவேண்டும், அதனால் நான் சம்மதிக்காமல் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கொக்குவிலில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணையிடம் போனேன். வயதான மனுசன், பெரும்பாலும் ஒஸ்ரினும் மொறிஸும்தான் பார்க்கிறவர்.

அவர் ஸ்பனரே எடுக்கவில்லை. பொனற்றைத் திறந்து, என்னைக் கிளச்சை அமத்தி விடச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று கிராங்கின் முன்முனையில் பான் பெல்ற் ஓடுகிற சக்கரத்தை, கிராங்க் புலியை, பார்த்தார். பிறகு இடத்தை மாற்றி என்னைப் பார்க்கச் சொன்னார். பெடலை அமத்த அமத்த புலி முன்னுக்கு வருகிறது, விட்டால் பின்னுக்குப் போகிறது, கண்ணுக்கே தெரிகிறது! கிளச்சை அமத்தும்போது அந்தத் தள்ளல் முழுவதும் கிராங்கை முன்னுக்குத்தான் தள்ளும். அதைத் தாங்குவது நடு மெயின் பெயரிங்கின் இரண்டு பக்கமும் இருக்கிற திரஸ்ட் வொஷர்கள் என்கிற தட்டையான வளையங்கள். அங்கே இருக்கவேண்டிய இடைவெளி 0.002 முதல் 0.003 அங்குலம்தான். அதைவிடக் கனக்க ஆடினால் பெடலின் ஓட்டத்தில் ஒரு பங்கு கிராங்கைத் தள்ளுவதிலேயே போய்விடும், பிளேட்டை விடுவிக்க மிச்சம் போதாது.

எஞ்சினை இறக்கி, அடியில் ஒயில் நிற்கிற சம்பைக் கழற்றினோம். கிராங்கைக் கிரைண்ட் பண்ணிய இடத்தில் இந்த வொஷர் உரசுகிற திரஸ்ட் முகத்தையும் சீவியிருக்கிறார்கள், ஆனால் போட்டது சாதாரணத் தடிப்பு வொஷர். இடைவெளி அளக்கிற ஒரு பீலர் கேஜ் வைத்து அளந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். தடிப்புக் கூடிய வொஷர் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தோம். ஒயில் ஓடுகிற கோடுகள் கிராங்கைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்பதை அண்ணை எனக்கு இரண்டு தரம் காட்டினார். திருப்பிப் போட்டால் கொஞ்ச நாளிலேயே தின்றுவிடுமாம். அவர் அளந்து பூட்டின பிறகு புலி அசையவே இல்லை.

இதற்கிடையில் பலபேர் இந்த எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு டற்சன் எஞ்சின் போடச் சொன்னார்கள். நான் விடவில்லை. வொஷருக்காக ஒரு எஞ்சினை எறிவது நியாயமில்லை, அதுவும் இந்த எஞ்சினை.

ஒன்று மட்டும் கவனிக்க இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்பக்கம் றப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் திருகுவெட்டுத்தான். கொஞ்சம் கசியும். கிளச் பெட்டியின் அடியில் ஸ்பிளிற் பின் தொங்குகிற ஒரு ஓட்டை இருக்கிறது, அதால் ஒரு சொட்டு இரண்டு சொட்டு விழுந்தால் பயமில்லை, அந்த ஓட்டையை மட்டும் யாரையும் அடைக்க விடாதே, அடைத்தால் ஒயில் பிளேட்டில் ஏறி வழுக்கத் தொடங்கும். எஞ்சினுக்குள் சேருகிற காற்று வெளியேறுகிற பிறீதரும் அடைபடக் கூடாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக அம்மா சொன்னா. வரும்போது லண்டனில் ஒரு கார்பன் றிலீஸ் பெயரிங்கும் ஒரு கிளச் பிளேட்டும் வாங்கி வா, அங்கே மைனர் சாமான் இன்னும் புதிதாகக் கிடைக்கிறது. எங்களுடையது 1098 சீசீ, பிளேட் ஏழேகால் அங்குலம். 948 சீசீக்கு உரிய ஆறேகால் அங்குலத்தைத் தந்துவிடுவார்கள், கடையிலேயே அளந்து பார்த்து எடு.

அன்புடன்,
உன் நண்பன்